வாயிற்படி தாண்டட்டும் தமிழ்!

(துலைத் திங்கள் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

‘இல்லறமும் மழலை மொழியும்’ என்னும் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். நம் மேடைகளில் ஆட்சிமொழி பற்றிப் பேசுகிறோம். பயிற்றுமொழி பற்றிப் பேசுகிறோம். வழக்குமன்றத் தமிழ், கோயில் தமிழ் பற்றிப் பேசுகிறோம். அவையெல்லாம் பேசப்பட வேண்டியவையே. ஆயினும் ஒரு மொழியின் எல்லைக்கோடு தலைமைச் செயலகத்தில் மட்டும் வரையப்படுவதன்று. மூன்று அகவைக் குழந்தையின் நாவிலும் அது வரையப்படுகிறது. அங்கே இழந்த நிலத்தைப் பின்னர் எந்தச் சட்டத்தாலும் முழுமையாக மீட்டல் அரிது. ஆதலின் இன்று ஒரு சிறு குழந்தையையும், அக் குழந்தையை அழைத்துக்கொண்டு ஒரு குடும்பம் ஓய்வு நாள்களில் சென்ற உலாக்களையும் முன்வைத்தே பேசப் போகிறேன். சிறு செய்தி என்று யாரும் எண்ணிவிட வேண்டா.

நம் இயக்கத்தின் பிறப்பையே எண்ணிப் பாருங்கள். 1916-ஆம் ஆண்டில் பல்லாவரத்துத் தோட்டத்தில் மறைமலையடிகளாரும் அவர்தம் மகளார் நீலாம்பிகையாரும் உலவிக்கொண்டிருந்தபோது, வள்ளலார் பாடல் ஒன்றில் வரும் ‘தேகம்’ என்னும் வடசொல்லின் இடத்தில் ‘யாக்கை’ என்னும் தமிழ்ச்சொல் நின்றிருப்பின் எத்துணை நயமாயிருக்கும் என்று அடிகள் கூறினார்; மகளார் அதனைப் பற்றிக்கொண்டார் என்பது நாம் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. அந்த மகளாரே பின்னாளில் வடசொற்களுக்குத் தமிழ்ச்சொல் தரும் அகரவரிசையைத் தொகுத்தளித்தார். ஆகவே தனித்தமிழ் இயக்கம் மாநாட்டுப் பந்தலில் முளைத்ததன்று. ஒரு தந்தையும் மகளும் தோட்டத்தில் நடந்துகொண்டே பேசிய பேச்சில் முளைத்தது. உலாவும் உரையாடலும் சேர்ந்த இடத்தில் மொழி வளர்கிறது என்பதற்கு நமக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இனிக் கடல் கடந்து செல்வோம்.

கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில், தொராண்டோ மாநகரின் கிழக்குப் பகுதிக்கு இசுகார்பரோ என்று பெயர். 1983-ஆம் ஆண்டின் இனக்கொலைக்குப் பின் ஈழத்தினின்று ஏதிலியராய்ச் சென்ற நம் உறவுகள் பெருந்தொகையாய்க் குடியேறிய இடங்களுள் அது ஒன்று. தமிழ்நாட்டினின்று தொழில் நாடிச் சென்றோரும் அங்கு உளர். என் மகளும் மருமகனும் அவர்களுள் இருவர். சென்ற ஆண்டு செப்தம்பர் இறுதி தொடங்கி ஆறு கிழமைக் காலம், ஈட்டிய விடுப்பில், அவர்கள் இல்லத்தில் தங்கியிருந்தேன். என் பெயர்த்திக்கு அப்போது மூன்று அகவை.

அங்கே தமிழுக்குப் பெருமை இல்லாமல் இல்லை. கடைப் பலகைகளில் தமிழ் உண்டு. சனவரித் திங்களைத் தமிழ் மரபுத் திங்களாக ஒண்டாரியோ மாநிலம் 2014-இல் சட்டம் செய்தது; 2016-இல் கனடா நாடாளுமன்றமும் அவ்வாறே ஏற்றது. தொராண்டோப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைவதற்கான பொருள் உலகத் தமிழரால் திரட்டப்பெற்று 2021-இல் நிறைவெய்தியது. இவையனைத்தும் நாம் தலைநிமிர்ந்து சொல்லத்தக்கவை. ஆனால் சட்டமும் இருக்கையும் மூன்று அகவைக் குழந்தையின் நாவில் ஒரு சொல்லைக் கொண்டுபோய் வைக்கமாட்டா. அதை வைக்கவேண்டியவர்கள் பெற்றோர்.

பெற்றோர்க்கு அதற்குரிய பொழுது எவ்வளவு? கணக்கிட்டுப் பார்ப்போம். என் பெயர்த்தி விழித்திருப்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 மணி நேரம். தாய் தந்தை இருவரும் பணிக்குச் செல்பவர். ஆதலின் கிழமையில் ஐந்து நாள், நாளுக்கு 9 மணி நேரம் அவள் குழந்தைகள் காப்பகத்தில் இருக்கிறாள். அங்கே ஆங்கிலம் ஒன்றே. எஞ்சுவது நாளுக்கு 3 மணி. ஐந்து நாளுக்கு 15 மணி. காரியும் ஞாயிறும் சேர்ந்து 24 மணி. ஆகத் தமிழுக்குக் கிடைக்கக்கூடிய 39 மணியில் 24 மணி அவ்விரு ஓய்வு நாள்களிலேயே அடங்கியிருக்கிறது. அந்த இரு நாள்களில்தான் குடும்பம் வெளியே உலாச் செல்கிறது. உலாவின் மொழி ஆங்கிலமானால் தமிழின் பங்கில் பெரும்பாதி போயிற்று. மேலும், அம் மாநிலத்தில் குழந்தைக்கு நான்கு அகவை நிறையும் ஆண்டின் செப்தம்பரிலேயே முழுநாள் மழலையர் வகுப்பு தொடங்கிவிடுகிறது. காலம் குறுகியது.

அங்கு நான் பல தமிழ்க் குடும்பங்களில் கண்டது இது. வீட்டுக்குள் தமிழ் நன்றாகவே வழங்குகிறது. “சோறு உண்”, “பால் குடி”, “கை கழுவு”, “உறங்கு” என்று காலை முதல் இரவு வரை தமிழ் கேட்கிறது. உலாவுக்குப் புறப்படுகின்றனர். குழந்தைக்குக் குளிர்மேலாடை மாட்டுவதும், தலைக்குக் கம்பளிக் குல்லாய் கவிப்பதும் தமிழிலேயே நடைபெறுகின்றன. கதவு திறக்கிறது. வாயிற்படியைத் தாண்டியதும் தாயின் வாயில் ஆங்கிலம் வந்துவிடுகிறது! மகிழுந்தில் ஆங்கிலம், பூங்காவில் ஆங்கிலம், மரத்தையும் மீனையும் காட்டுவது ஆங்கிலத்தில். திரும்பி வந்து கதவைச் சாத்தியதும் மீண்டும், “வா, கால் கழுவு”.

இதன் விளைவைக் கருதுங்கள். அக் குழந்தைக்குத் தமிழ் என்பது ஏவலின் மொழி ஆகிறது. உண்ணச் சொல்லும் மொழி, உறங்கச் சொல்லும் மொழி, அழாதே என்று அதட்டும் மொழி. ஆங்கிலமோ வியப்பின் மொழி ஆகிறது. புதியது காணும் மொழி, ஓடியாடும் மொழி, சிரிக்கும் மொழி. எந்த மொழியைக் குழந்தை விரும்பும்? விடை சொல்லவும் வேண்டுமோ?

தாய்மாரைக் குறைகூற நான் வரவில்லை. அவர்கள் தமிழை வெறுத்து ஆங்கிலத்துக்கு மாறுவதில்லை. அங்குள்ள பொருள்களை அவர்களே அம்மண்ணில்தான் முதன்முதல் கண்டனர். ஆங்கிலப் பெயரோடு கண்டனர். தமிழ்ச்சொல் நாநுனியில் இல்லை. சொல் இல்லாத இடத்தில் வேற்றுச்சொல் நுழைகிறது. வேற்றுச்சொல்லின் பின்னே வேற்றுமொழியே நுழைந்துவிடுகிறது. ஆகவே, அந்நாட்டு இலையுதிர் காலத்தைத் தமிழால் பேச இயலுமா என்பதே கேள்வி. இயலும் என்பதைக் கண்ணால் கண்டு வந்திருக்கிறேன்.

நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர். துலையும் நளியும், அதாவது ஐப்பசியும் கார்த்திகையும், கூதிர்ப் பருவம். கனடாவின் இலையுதிர் காலமும் பெரும்பாலும் இத் திங்கள்களை ஒட்டியே அமைகிறது. காலம் ஒன்று, நிலம் வேறு. இங்கே வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது அங்கே காடு நிறம் மாறுகிறது. இசுகார்பரோவின் கிழக்கெல்லையில் உரூச்சு ஆற்றையொட்டி, 2015-இல் நடுவணரசு சட்டப்படி நிறுவிக் காத்துவரும் பெரிய நகர்ப்புறக் காடு ஒன்று உண்டு. மருமகன் வண்டி ஓட்ட, அங்குதான் முதலில் சென்றோம்.

மேப்பிள் மரத்தை நீங்கள் நேரில் கண்டிராவிடினும் அதன் இலையை அறிவீர்கள். 1965 முதல் கனடா நாட்டுக் கொடியில் நிற்கும் இலை அது. கோடை முழுதும் இலைக்குப் பசுமை தருவது பச்சையம். பகற்பொழுது சுருங்கிக் குளிர் ஏறும்போது மரம் பச்சையத்தைப் புதிதாக ஆக்குவதை நிறுத்துகிறது, இருந்ததும் சிதைகிறது. அப்போது மஞ்சள் தெரிகிறது. அந்த மஞ்சள் புதிதாய் வந்ததன்று. கோடையிலும் உள்ளே இருந்தது, பசுமை அதனை மூடியிருந்தது. சிவப்போ பல மரங்களில் அப்போதுதான் இலையில் தங்கிய வெல்லச்சத்தினின்று புதிதாய் உண்டாகிறது. பின்னர் இலைக்காம்பின் அடியில் ஒரு தடுப்புப் படலம் தோன்றி, காற்றடித்ததும் இலை கழன்று விழுகிறது.

மூன்று அகவைக் குழந்தைக்குப் பச்சையம் வேண்டா. சொல் வேண்டும். தமிழில் அதற்குப் பஞ்சமா? ஆங்கிலத்தார் ‘லீப்’ என்னும் ஒரு சொல்லால் பெரும்பாலும் சொல்லி முடிப்பதை நாம் எத்தனை வகையாகப் பகுத்திருக்கிறோம்! ஆலுக்கும் வேம்புக்கும் இலை. நெல்லுக்கும் புல்லுக்கும் தாள். கரும்புக்கும் சோளத்துக்கும் தோகை. பனைக்கும் தென்னைக்கும் ஓலை. இளையது தளிர், துளிர், முறி, கொழுந்து, குருத்து. முதிர்ந்து மஞ்சளானது பழுப்பு. காய்ந்த இலை சருகு. காய்ந்த தாளும் தோகையும் சண்டு. மொழிஞாயிறு பாவாணர் இவற்றை நிரல்படுத்திக் காட்டித் தமிழின் சொல்வளத்தை நிறுவியதை நம் இதழ் படிப்போர் அறிவர். மேடையில் நாம் கைதட்டிக் கேட்கும் அந்தச் சொற்களை ஒரு குழந்தையின் கையில் எப்போது கொடுத்தோம்?

காட்டில் கொடுத்துப் பார்த்தேன். மரத்தில் நிற்பதைக் காட்டி “பழுப்பு” என்றேன். காலடியில் கிடப்பதைக் காட்டி “சருகு” என்றேன். அவள் சருகின்மேல் குதித்தாள், அது நொறுங்கியது. “சருகு என்ன செய்கிறது?” என்றேன். “சரசர!” என்றாள். அன்று முழுதும் அவளுக்குச் சருகு ஒரு சொல்லாக இருக்கவில்லை, விளையாட்டாக இருந்தது. பின்னர் ஒரு பெரிய மேப்பிள் இலையை எடுத்துத் தன் உள்ளங்கையின்மேல் வைத்து, “தாத்தா, இது கை இலை” என்றாள். ஐந்து விரல் விரித்த கைபோல் அது இருந்தது. அவ்வீட்டில் இன்றுவரை மேப்பிள் இலைக்குக் ‘கையிலை’ என்றே பெயர். கலைச்சொல்லாக்கக் குழு எதுவும் கூடவில்லை. தமிழ்ச்சொற்கள் கையில் இருந்தமையால் குழந்தை புதுச்சொல் ஆக்கிக்கொண்டது.

நம்மவர் மொழிக்காப்பு என்றதும் பெயர்ச்சொல்லையே எண்ணுகிறோம். மொழியின் முதுகெலும்பு வினைச்சொல். அக்தோபர்த் திங்களின் இரண்டாம் திங்கட்கிழமை அந்நாட்டில் நன்றி நவிலும் நாள். அதையொட்டிய ஓய்வு நாள்களில் மக்கள் பழத்தோட்டங்களுக்குச் சென்று ஆப்பிள் பறிப்பர். ஆங்கிலத்தில் எதற்கும் ‘பிக்’ என்பர். நமக்கோ பூவைக் கொய்தல், காயைப் பறித்தல், கீரையை ஆய்தல், கொழுந்தைக் கிள்ளுதல், விழுந்ததைப் பொறுக்குதல், கிளையை உலுக்குதல் என்று ஒவ்வொரு செயலுக்கும் ஒவ்வொரு வினை. “எக்கு, எக்கிப் பிடி, முறுக்கு, இப்போது பறி” என்று மகள் சொல்லச் சொல்லக் குழந்தை செய்தாள். ‘ஆப்பிள்’ அயற்பெயர்தான். ஆனால் அதைச் சுற்றி நின்ற வினை நான்கும் தமிழ். அயற்பெயர் ஒன்று தமிழ் வினைகளுக்கிடையே விருந்தினராய் வந்து அமர்ந்திருந்தது, அவ்வளவே. மாறாக, ‘ஆப்பிளைப் பிக் பண்ணு’ என்றிருந்தால் வீட்டுக்குரியவரே வெளியேறினர் என்று பொருள்.

அக் காலத்தில் மற்றொரு காட்சி. மார்னிங்சைடு பூங்கா வழியே ஓடும் ஓடையில், ஏரியில் வளர்ந்த பெரிய சால்மன் மீன்கள் முட்டையிட வேண்டி நீரோட்டத்தை எதிர்த்து மேலேறுகின்றன. கற்களில் மோதுகின்றன, துள்ளுகின்றன, இளைப்பாறி மீண்டும் துள்ளுகின்றன. அங்கு நின்ற தமிழ்ப் பெற்றோர் ‘லுக், லுக்’ என்பதற்குமேல் பேசவில்லை. ஆனால் புதுப்புனலில் மீன் எதிரேறுவதைக் கண்டறியாத உழவர் நம் சிற்றூர்களில் உண்டோ? ‘எதிரேறு’, ‘துள்ளு’, ‘நழுவு’, ‘மோது’ என்னும் சொற்கள் அந்த ஓடைக்கென்றே ஆக்கியவை போல் பொருந்துகின்றன. வானில் வாத்தினப் பறவைகள் அம்புமுனை வடிவில் அணிவகுத்துத் தெற்கே பறந்தன. ‘வலசை போகின்றன’ என்றால் முடிந்தது.

களங்களில் மலைமலையாய்க் குவிந்து கிடந்தது பறங்கிக்காய். அக்தோபர் 31-ஆம் நாள் அதனைக் குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே விளக்கேற்றி வாயிலில் வைப்பது அந்நாட்டு வழக்கம். அமெரிக்கக் கண்டங்களுக்குரிய காய் அது. கடல்வழி வந்த பறங்கியரால் நம் நாட்டுக்கு வந்ததை அப்பெயரே சொல்கிறது. கொங்கு நாட்டில் அதற்கு அரசாணிக்காய் என்று பெயர். மஞ்சட்பூசணி என்பாரும் உளர். வேற்று நிலத்துக் காய் ஒன்றுக்கு மூன்று பெயர் சூட்டித் தன் சமையலில் சேர்த்துக்கொண்ட மொழி, அந்தக் காயின் தாய்நிலத்துக்குச் சென்று வாயடைத்து நிற்பதா?

இனி, அறிவியலார் கூறுவதைப் பார்ப்போம். இரு மொழி கேட்டு வளரும் குழந்தை குழம்பிப்போகும் என்னும் அச்சம் இன்னும் பலர்க்கு உண்டு. பேச்சுத் தாமதமாகிறதென்றால் தாய்மொழியை விட்டுவிடுங்கள் என்று அறிவுரை கூறுவாரும் உளர். இஃது ஆய்வுக்கு ஒவ்வாதது. பிரெஞ்சு மொழியறிஞர் உரோன்சா தம் மகன் பிரெஞ்சும் செருமனும் ஒருங்கே கற்று வளர்ந்ததைப் பதிந்து 1913-இல் நூலாக வெளியிட்டார். தந்தை ஒரு மொழியிலும் தாய் ஒரு மொழியிலும் வழுவாது பேசியதே அவர்கள் கையாண்ட முறை. அமெரிக்காவில் வாழ்ந்த செருமானியப் பேராசிரியர் வெர்னர் இலியோபோல்டு, தம் மகளோடு செருமனிலேயே பேசி, அவள் பேச்சு வளர்ந்த வகையை 1939 முதல் 1949 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். அவளும் தொடக்கத்தில் இரண்டையும் கலந்துதான் பேசினாள். வளர வளரத் தானே பிரித்துக்கொண்டாள். பிறந்து சில நாளே ஆன குழவியும் தாய் பேசும் மொழியின் ஓசையை வேற்று மொழியினின்று பிரித்தறிகிறது. எனவே குழந்தையின் கலப்பு குழப்பமன்று. கையில் உள்ள சொல்லைக் கொண்டு கருத்தை முடிக்கும் முயற்சி.

இன்னோர் ஆய்வும் நமக்குத் தேவையானது. 2003-இல் சியாட்டில் நகரில் பாட்ரிசியா கூல் என்னும் அறிஞர் குழுவினர், ஆங்கிலமே கேட்டு வளர்ந்த ஒன்பது திங்கட் குழவியர்க்குச் சீனமொழியை 12 அமர்வுகளில் கேட்பித்தனர். எதிரில் ஆள் அமர்ந்து விளையாடிப் பேசிய குழவியர் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றனர். அதே பேச்சைப் படத்திரையில் கண்டும் கேட்டும் இருந்தவர் கற்கவே இல்லை. தமிழ்ப் பாட்டு ஓடும் கைப்பேசியைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டுத் தமிழ் ஊட்டிவிட்டோம் என்று மகிழும் பெற்றோர் இதனை எண்ண வேண்டும். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதையே தாமும் பார்த்து, அதன் முகம் நோக்கி, அதைப் பற்றி ஓர் ஆள் பேச வேண்டும். உலாவைப்போல் இதற்கு வாய்த்த இடம் வேறில்லை.

மற்றொரு நிலை வரும். தமிழில் கேட்டால் குழந்தை ஆங்கிலத்தில் விடை சொல்லும். பெற்றோர் பலர் மனம் தளர்ந்து தாமும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகின்றனர். மாறலாகாது. ‘லீப் ரெட்’ என்று குழந்தை சொன்னால், “ஆம், இலை சிவந்துவிட்டது, அந்த இலையும் சிவக்கிறது, பார்” என்று தமிழில் விரித்துச் சொல்லி மேலே நடக்க வேண்டும். அதட்டல் வேண்டா, ‘தமிழில் சொன்னால்தான் தருவேன்’ என்னும் மிரட்டலும் வேண்டா. அதட்டிப் புகட்டிய மொழியைக் குழந்தை வாய்ப்புக் கிடைத்ததும் உதறிவிடும்.

தோழர்களே! இவ்வளவும் கடல் கடந்த தமிழர்க்கு என்று எண்ணி நீங்கள் நிம்மதியாய் அமர்ந்திருக்கக் கூடாது. நம் நாட்டுக்கு வருவோம். சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் மாலைப்பொழுதில் பூங்காவுக்குப் போய் ஒரு நாழிகை அமர்ந்து கேளுங்கள். “வெயிட் பண்ணு”, “வாக் பண்ணு”, “கேட்டை ஓப்பன் பண்ணு” என்றே தாயரும் தந்தையரும் பேசுகின்றனர். நில், நட, திற என்பவை கல்லாதவரும் அறிந்த சொற்கள் அல்லவா? கனடாக் குழந்தை சொல் இல்லாமையால் கலக்கிறது; சென்னைத் தந்தை சொல் இருந்தும் கலக்கிறார். முன்னது வறுமை, பின்னது மிடுக்கு. வறுமை மன்னிக்கத் தக்கது.

வேல்சு நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டில், பள்ளியில் தாய்மொழி பேசிய சிறுவர் கழுத்தில் ஒரு மரத்துண்டை மாட்டினர். நாளிறுதியில் அது எவன் கழுத்தில் இருந்ததோ அவனுக்கு அடி. அந்த நாட்டார் அவ்விழிவை மறக்கவில்லை. 1971-இல் தாய்மொழி மழலையர் பள்ளிகளுக்கென்றே ஓர் இயக்கம் கண்டு, இரண்டு மூன்று அகவையினின்றே தொடங்கினர். நியூசிலாந்தின் மவோரி மக்களிடையே நடுத்தலைமுறையே பெரும்பாலும் மொழியை இழந்திருந்தது. பாட்டன் பாட்டியர் வாயில்தான் அது எஞ்சியிருந்தது. 1982-இல் அவர்கள் ‘மொழிக்கூடு’ என்னும் பொருள்படும் பெயரில் மழலையர் இல்லங்களைத் தொடங்கினர். முதியோர் வந்தமர்ந்து குழவியரோடு தாய்மொழியிலேயே பேசினர், விளையாடினர். முதற்கூடு தொடங்கிய சில ஆண்டுகளிலேயே நாடெங்கும் நூற்றுக்கணக்கான கூடுகள் எழுந்தன. நம் பிள்ளைகள் கழுத்தில் இன்று வெள்ளையன் எவனும் மரத்துண்டு மாட்டவில்லை. தமிழ் பேசினால் தண்டம் விதிக்கும் பள்ளியைத் தேடிப்பிடித்து, வரிசையில் நின்று, பொருளும் கொடுத்து நாமே அதை மாட்டுவிக்கிறோம்!

2006-இல் தமிழ்நாட்டரசு தமிழ் கற்றல் சட்டம் இயற்றியது. முதல் வகுப்பினின்று படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. நல்லது. ஆனால் முதல் வகுப்புக் குழந்தைக்கு அகவை ஐந்து, ஆறு. இரண்டாம் அகவையில் நிலாவைக் காட்டும் தாயிடம் எந்தச் சட்டம் சென்று பேசும்?

இங்கே நம் இயக்கத்தாரிடமும் ஒரு சொல். தூய தமிழ் நமக்கு உயிர். ஆயினும் இளந்தாய் ஒருத்தி குழந்தையிடம் தமிழில் பேசும்போது இடையில் வந்த ஓர் அயற்பெயரைப் பிடித்துக்கொண்டு அவையறிய அவளைத் திருத்தப் புகாதீர்கள். பிழைக்கு அஞ்சி அவள் தமிழையே நிறுத்திவிட்டால் தூய தமிழும் இல்லை. கலந்த தமிழும் இல்லை. முதலில் பேச்சு பெருகட்டும். பெருகிய நீரைத் தெளியவைக்கலாம். வற்றிய குளத்தில் எதைத் தெளியவைப்பது? ஆங்கிலமும் அறிந்த குழந்தை நமக்குப் பகையன்று. தமிழின் இடத்தில் ஆங்கிலம் அமர்வதே நாம் எதிர்ப்பது. தமிழின் பக்கத்தில் அது நிற்பதனால் நமக்கு இழப்பில்லை.

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை.

ஒன்று: வாயிற்படி மொழி மாறும் எல்லையாக இருத்தல் கூடாது. வீட்டில் எம்மொழியோ வெளியிலும் அம்மொழியே.

இரண்டு: உலாவுக்குப் புறப்படுமுன் பெற்றோர் பத்துச் சொல்லை நினைவிற் கொள்ளுங்கள், அவற்றுள் ஐந்தேனும் வினையாக இருக்கட்டும். கடற்கரைக்குப் பத்து, வயலுக்குப் பத்து, சந்தைக்குப் பத்து என்று திங்கள்தோறும் ஒரு பக்கம் வெளியிடுமாறு நம் இதழாசிரியரையும் வேண்டுகிறேன்.

மூன்று: பாட்டன் பாட்டியரே, பிள்ளைகள் தொலைவில் இருப்பின் தொலைபேசித் திரையில் ‘சாப்பிட்டாயா’ என்று கேட்டு முடித்துவிடாதீர்கள். முருங்கைப் பூவைக் காட்டுங்கள். அணில் ஓடுவதைக் காட்டுங்கள். அவர்கள் பொறுக்கி வந்த சருகைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பதிந்துவைத்த படம் செய்யாததை எதிரிருந்து பேசும் உயிர்ப்பேச்சு செய்யும்.

நான்கு: இங்குள்ளோர் இந்தக் கூதிரிலேயே தொடங்குங்கள். மழைநீர் ஏறியதும் வேடந்தாங்கல் ஏரிக்குப் பறவைகள் வரத் தொடங்கும். நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் கூடு கட்டுவதைக் குழந்தைக்குக் காட்டுங்கள். அத்துணைத் தொலைவு செல்ல இயலாதோர் தம் ஊர்க் குளக்கரைக்குச் செல்லுங்கள். அங்கே ‘டக்’ என்று சொல்லாதீர்கள். தாரா, குருகு, கொக்கு என்று பிரித்துச் சொல்லுங்கள். ‘எங்கே பறக்கிறது, ஏன் மூழ்குகிறது, என்ன கொத்துகிறது’ என்று கேளுங்கள். குழந்தையின் விடைக்குக் காத்திருங்கள்.

அன்பர்களே! மொழி ஓலையில் வாழ்ந்தது, கல்லில் வாழ்ந்தது, தாளில் வாழ்கிறது. ஆனால் அது பிறப்பது வாயில். வீட்டின் நான்கு சுவருக்குள் ஏவலுக்கும் அதட்டலுக்கும் மட்டும் வைத்துக்கொண்ட மொழி, அடுத்த தலைமுறையில் அச் சுவருக்குள்ளேயே அடங்கிவிடும். காட்டிலும் ஓடையிலும் களத்திலும் கடற்கரையிலும் குழந்தையின் கைப்பிடித்து நடந்த மொழி, அக் குழந்தை எந்நாட்டில் வாழினும், எத்தனை மொழி கற்பினும், அதன் கண்ணாகவும் காலாகவும் உடன்வரும். நம் பிள்ளைகளுக்குத் தமிழைக் கொடுப்போம். உலகத்தோடு சேர்த்துக் கொடுப்போம்.

வாயிற்படி தாண்டட்டும் தமிழ்! வாழ்க தமிழ்! வெல்க தமிழினம்!